சூளகிரி ரோட்டில் ஒரு காலின் விலை

எனக்குப் போட்டியாக ஷெட் போட்ட அவன் அந்த ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து சூளகிரியைத் தாண்டிப் போனதைப் பார்த்த மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. "அது என்ன சாமி தேரா? அதுல குந்தலன்னு தட்டத் தள்ளி வெக்கறீங்க" என்றாள் என் மனைவி. வயிறு எரிந்தது. இந்த வயதில் அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் இன்று இருப்பதுபோல் கம்பெனிகளோ, ஆட்களை அள்ளிப் போகும் கம்பெனி பஸ்களோ கிடையாது. மெட்ராஸிலிருந்து பெங்களூர் போகும் லாரிகள் கிருஷ்ணகிரியில் டீ குடித்துவிட்டு, மேலுமலை ஏறி, சூளகிரி, ஓசூர் என்று போய் அத்திப்பள்ளியில் மைசூர்ச் சீமைக்குள் நுழையும். திரும்பி வருகிறபோது மேலுமலை இறக்கத்தில் ஏதாவது ஒன்று பள்ளத்தில் கிடக்கும். அதைத் தூக்கி ரோட்டில் நிறுத்துகிறவன் நான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பதினோரு வயதில் லாரி கழுவ ஆரம்பித்தேன். கிளீனரானேன், டிரைவரானேன். நாற்பது வயதுக்குள் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய சொந்த லாரி, ரோட்டோரம் ஒரு ஷெட், பெங்களூர் பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி எடுத்த நாற்பதடிச் சங்கிலி. ஒருவனும் எனக்குக் கை கொடுத்ததில்லை. இன்று என் பேரில் ஏழு வண்டி ஓடுகிறது. இதை எழுதிக் கொடுக்கிற என் பேரன் "தாத்தா, இதெல்லாம் வேணாமே" என்கிறான். வேணும், எழுதுடா என்றிருக்கிறேன்.

என் தொழிலுக்கு ஒரு முறை வைத்திருந்தேன். லாரி கவிழ்ந்து ஆளுக்கோ மாட்டுக்கோ அடிபட்டிருந்தால், இரண்டு தரப்பும் பேசி முடிக்கிறவரை என் சங்கிலி வண்டிமேல் விழாது. போலீஸ் வந்தால் கேஸ், கோர்ட்டு, கிருஷ்ணகிரிக்கு நடை. அதனால் ரோட்டிலேயே பேசுவார்கள். பேசி வைக்கிறவன் நான். செத்த ஆட்டுக்கு இவ்வளவு, எருமைக்கு இவ்வளவு, உடைந்த வண்டிச் சக்கரத்துக்கு இவ்வளவு என்று எனக்கு அத்துப்படி. தமிழில் ஆரம்பித்து, டிரைவர் கன்னடத்தில் கத்தினால் கன்னடத்தில் திருப்பிக் கத்தி, அடிபட்டவன் தெலுங்கில் அழுதால் தெலுங்கில் சமாதானம் சொல்லி முடித்துவைப்பேன். இரண்டு பேரும் தலையாட்டியதும் சங்கிலியை மாட்டுவேன். ஸ்டேஷன் புத்தகத்தில் ஏறாத விபத்து எல்லாம் என் மண்டையில் இருந்தது.

என் ஷெட்டிலிருந்து அரை மைல் தள்ளி அவன் ஒரு ஷெட் போட்டான். என்னைவிட ஐந்து வயது இளையவன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். சட்டைப் பையில் பேனா. கிரீஸ் கையோடு அந்தப் பேனாவை எடுத்து, வண்டியைத் தூக்கிக் கொடுத்ததற்குத் தேதி போட்டு பில் எழுதிக் கொடுப்பான். பேச்சு முடிந்ததா இல்லையா என்று பார்க்கமாட்டான். வண்டி கவிழ்ந்ததா, தூக்கினானா, பில் கிழித்தானா, அவ்வளவுதான். பெங்களூர் முதலாளிகளுக்கு அந்தப் பில் பிடித்துப்போயிற்று. எனக்கு வரவேண்டிய வண்டிகள் அவனிடம் போயின. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஜீப்!

மெட்ராஸிலிருந்து ஒரு படிப்பாளி அந்த ஜீப்பில் வந்து கிருஷ்ணகிரி முசாபரி பங்களாவில் தங்கியிருந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான, மரியாதையான மனிதர். ரோட்டு விபத்துகளால் தேசத்துக்கு எவ்வளவு பணம் நஷ்டமாகிறது என்று கணக்குப் போட வந்தவர். நம்மைப்போல ஏழை நாடுகளில் அதை யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததே இல்லையாம். ரோடு போடப் பணம் கேட்டால், போடாவிட்டால் எவ்வளவு போகிறது என்று காட்ட வேண்டுமாம். நல்ல காரியம்தான். ஆனால் இந்த ரோட்டில் விபத்தைப் பற்றி யாரைக் கேட்க வேண்டும்? அவர் அவனைக் கேட்டார். காரணம், பில் புக்கு.

மறுநாள் டீக்கடையில் அவனையே மறித்துக் கேட்டேன். "ஏம்ப்பா, இந்த ரோட்டுல நீ வந்து எத்தன வருசம் ஆச்சு?"

"நாலு வருசம்ணா."

"நான் இருபத்தஞ்சு. ஐயாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்ணா. ஆனா ஐயாவுக்கு எழுத்துல இருக்கணுமாம். வாயில இருக்கறது கணக்குல வராதாம்." சொல்லிவிட்டு டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

அன்று மாலையே ஒரு கூடை மாம்பழத்தோடு நான் முசாபரி பங்களாவுக்குப் போய்விட்டேன். படிப்பாளி பழத்தை வாங்கவில்லை, என்னை உட்காரச் சொன்னார். ஸ்டேஷனில் ஏறாத விபத்துகளை நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதெல்லாம் எங்கேயும் பதிவாகவில்லையே!" என்றார். அந்தச் சொல்லுக்காக இன்னும் நாலு கூடை கொண்டுபோயிருப்பேன். மறுநாளிலிருந்து ஜீப்பில் எனக்கும் இடம் கிடைத்தது. பின்னால், ஸ்டெப்னி டயர் மேல். முன்னால் அவன்தான்.

மூன்றாம் நாள் டீக்கடை பெஞ்சில் வைத்து ஐயா எங்கள் இரண்டு பேரையும் கேட்டார். உங்களைப் போன்ற தொழில்காரர் ஒருவர் விபத்தில் போய்விட்டால் எவ்வளவு நஷ்டம் என்று பார்க்க வேண்டும், மாதம் என்ன வருமானம் என்றார்.

பேனா பிடித்த ஆள் வருமானம் கேட்டால் நம் வாய் என்ன சொல்லும்? வருஷக்கணக்காக வரி ஆபீசுக்காரனுக்குச் சொல்லிப் பழகிய வாய். "என்ன சாமி பெரிய வருமானம், நூத்தம்பது தேறினா அதிகம்" என்றேன். உண்மையில் ஐந்நூறு.

அவன் பேனாவைத் தடவிக்கொண்டு, "நானூறு" என்றான். பொய்யில்லை, எனக்குத் தெரியும். சொல்லவேண்டிய இடம் இதுவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவனுக்கும் மூன்றாவது படித்தவனுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

அறுபது வயதுவரை உழைப்பதாக வைத்து ஐயா பெருக்கினார். அவனுக்கு இருபத்தைந்து வருஷம், ஒரு லட்சத்து இருபதாயிரம். எனக்கு இருபது வருஷம், முப்பத்தாறாயிரம். இது பொதுவான கணக்கு, மனிதருடைய மதிப்பு இல்லை என்று அவர் சொன்னது யார் காதில் விழுந்தது? டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "லாரிக்காரங்களே, நல்லாக் கேட்டுக்கோங்க. பிரேக்கு புடிக்கலன்னா இந்த அண்ணன் மேல விடுங்க. அந்தத் தம்பி மேல வுட்டீங்க, வண்டிய வித்தாலும் கட்டி மாளாது."

பெஞ்சே சிரித்தது. அவனும் சிரித்தான். "வுடுங்கணா, வெறும் கணக்குதானே" என்று என் தோளைத் தொட்டான். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். இரண்டு நாளைக்கு ரோட்டில் என்னைப் பார்த்த கிளீனர் பயல்கள்கூட "முப்பத்தாறு" என்று ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டார்கள்.

பொறுக்கவில்லை. ஐயாவிடம் போய், என் வருமானம் ஐந்நூறு, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

ஐயா பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். "எதை எழுதட்டும்? அன்றைக்குச் சொன்னதையா, இன்றைக்குச் சொன்னதையா?"

பக்கத்திலிருந்த அவன் மெதுவாகக் கேட்டான்: "அதே ஐந்நூற வரி ஆபீசுலயும் சொல்லிடலாமாணா?"

நான் என்ன செய்வேன்? முப்பத்தாறாயிரம் அப்படியே இருந்துவிட்டது. ஆனால் அவனுக்குக் கீழே இருந்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அவனுடைய பில் புக்கில் இல்லாத ஒன்றை, யாரும் மறக்கமுடியாத ஒன்றைக் கொடுத்தால் ஐயா என் பக்கம் திரும்புவார் என்று தோன்றியது. அந்த வேகத்தில் சொல்லிவிட்டேன். "சாமி, நான் சொன்னதிலேயே பெரிய விபத்த இன்னும் சொல்லல. அது நானே பண்ணது."

இரண்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. மேலுமலை இறக்கத்தில், பொழுது விடிகிற நேரம், நான் வெல்லம் ஏற்றி வந்துகொண்டிருந்தேன். முன்னால் புளி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி. என் பிரேக் கேட்கவில்லை. ஒரு மாடு அங்கேயே போயிற்று. வண்டிக்காரருக்கு வலது கால் நசுங்கி, பெங்களூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பேச்சை நானே பேசினேன். எனக்கும் அவருக்கும் நடுவில் நானே நின்று பேசினேன் என்று இப்போதுதான் உறைக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு, இரண்டு மூட்டை ராகி, செத்த மாட்டுக்குப் பதில் மாடு. சும்மா மாடா? ஆலம்பாடிக் காளை. செத்ததைப்போல் ஒன்றரை மடங்கு. கேஸ் இல்லை. அந்தக் காளையைப் பற்றி நான் சொல்லாத ஆளில்லை. இடித்துவிட்டு இப்படிக் கொடுத்தவன் இந்த ரோட்டில் எவன் இருக்கிறான் என்று எத்தனை பெஞ்சில் கேட்டிருப்பேன்!

ஐயா உடனே எழுந்துவிட்டார். "அவரைப் பார்க்க முடியுமா?" வழி தெரிந்தவன் என்று அன்றைக்கு முன் சீட்டு எனக்கு. சூளகிரியிலிருந்து மூன்று மைல். வழியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசினேன். பின்னால் டயர்மேல் அவன் குலுங்கிக்கொண்டு வந்தது, சொல்லக்கூடாது, ரொம்ப நன்றாக இருந்தது.

வண்டிக்காரர் வாசலில் சாக்கை விரித்து, கட்டையான காலை நீட்டிக்கொண்டு, புளியில் கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். பெண்பிள்ளைகள் செய்கிற வேலை. நாளெல்லாம் தட்டினால் முக்கால் ரூபாய். என்னைப் பார்த்ததும் "வாங்கணா" என்றார். கோபமில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நான் கொட்டிலை எட்டிப் பார்த்தேன். "காளை எங்க? மேச்சலுக்கா?"

"வித்தாச்சுணா. மூணாம் மாசமே."

"அந்தக் காளைய வித்துட்டியா? எப்பேர்ப்பட்ட காளை!"

"நல்ல காளைதான். ஏறி குந்த எனக்குக் காலு வேணுமில்ல? வண்டியும் போச்சு, கூட இருந்த மாடும் போச்சு."

இரண்டு வருஷமாக நான் பெஞ்சு பெஞ்சாக ஓட்டிக்கொண்டிருந்த காளை கொட்டிலிலேயே இல்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்ததுதான் சுட்டது.

ஐயா சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். வண்டி ஓட்டியபோது தீனி போக நாளுக்கு என்ன கிடைத்தது? மூன்று ரூபாய். மாதம் எத்தனை நாள்? இருபத்தைந்து. வயது? முப்பத்திரண்டு. இப்போது கிடைக்கிற முக்காலைக் கழித்தார், பெருக்கினார், அறுபது வயதுவரை கூட்டினார். பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

என் லாரியே ஒன்பதாயிரம். அந்தக் கால் இரண்டு லாரி, மேலே ஒரு ஜோடி டயர். நான் கொடுத்தது ஒரு காளை. இதில் எனக்கு முதலில் வந்தது வருத்தம் என்று எழுதினால் பொய். உட்கார்ந்து புளி தட்டுகிறவனுடைய அரைக் கால் என்னுடைய முழு உடம்பில் பாதிக்குமேல் போகிறதே என்றுதான் எரிந்தது.

வண்டிக்காரர் அந்தத் தொகையை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "இத யாரு சாமி குடுப்பாங்க?"

"யாரும் கொடுக்கமாட்டார்கள். இது தேசத்துக்கு ஆன நஷ்டம்" என்றார் ஐயா. குரல் இறங்கிவிட்டது.

"தேசத்துக்கா?" அவர் சிரித்தேவிட்டார். "தேசம் என்னிக்கு எங்க வண்டியில ஏறுச்சு?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அப்போதுதான் அவன் கேட்டான்: "உங்களுக்கு எழுத்துத் தெரியுமா?"

"ரெண்டாவது வரைக்கும். நம்பரு நல்லாத் தெரியும்."

"என் ஷெட்டுல சாமான் எடுத்துக் குடுக்க, திருப்பி வாங்கி வெக்க ஆள் இல்ல. குந்தின எடத்துல வேல. மாசம் நாப்பது தரேன்."

என் தலையில் கொள்ளி வைத்தாற்போல் இருந்தது. நான் இடித்த ஆளுக்கு இவன் யார் வேலை கொடுக்க? "என் ஷெட்டுக்கு வா. ஐம்பது" என்றேன்.

"ஐம்பத்தஞ்சு" என்றான் அவன்.

"அறுவது. மத்தியானச் சோறும் எங்கூட்டுல."

என் ஷெட்டில் சாமான் எடுத்துக் கொடுக்க ஆளே தேவையில்லை. இருந்ததே இரண்டு ஜாக்கி, நாலு ஸ்பேனர். ஐயா பேனாவைப் பிடித்தபடி ஒருமுறை என்னையும் ஒருமுறை அவனையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சற்று யோசித்தான். "அறுவது நானும் தரேன். அதுக்கு மேல என்னால ஆவாது" என்றான்.

நான் எழுபது என்று வாயைத் திறந்தேன். வண்டிக்காரர் மனைவி "வத்து, வத்து" என்று தெலுங்கில் தடுத்துவிட்டாள். புருஷனைப் பார்த்து, "இது ஏலமில்ல. எங்க போறன்னு நீயே சொல்லு" என்றாள்.

அவர் கையிலிருந்த புளியைச் சாக்கில் வைத்தார். "ணா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க சோறும் போடுவீங்க, துட்டும் குடுப்பீங்க. ஆனா உங்க ஷெட்டுல நான் குந்தினா, வர்ற டிரைவருக்கெல்லாம் என் காலக் காட்டி அந்தக் காளை கதைய சொல்லுவீங்க. நாளுக்கு நாலு வாட்டி கேக்க என்னால ஆவாதுணா."

நான் அப்படிச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யலாம் என்று பார்த்தேன். ஆனால் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும்.

அடுத்த வாரம் வண்டிக்காரர் அவனுடைய ஷெட்டில் சேர்ந்துவிட்டார். படிப்பாளி மெட்ராஸுக்குத் திரும்பினார். அவருடைய புத்தகம் வந்ததா, வந்து ரோடு அகலமாயிற்றா, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி போகவில்லை. அது வண்டிக்காரரிடம் தங்கிவிட்டது. ரோட்டில் எங்கே வண்டி மோதினாலும் அவன் சைக்கிள் கேரியரில் அவரை ஏற்றிக்கொண்டு போவான். அவர் இறங்கி, கவிழ்ந்த வண்டியின் சக்கரத்துக்கு முன்னால் கட்டைக் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். அடிபட்டவன் பக்கம் திரும்பிக் கேட்பார்: "நாளுக்கு என்ன சம்பாதிக்கற? வயசு என்ன? எத்தன நாளு வேலைக்குப் போவ முடியாது?" அவர் சொல்லச் சொல்ல அவன் பில் புக்கின் பின்பக்கத்தில் பெருக்குவான். முழுத்தொகை யாரும் கொடுத்ததில்லை. ஆனால் ஒரு மாடு, இரண்டு மூட்டை ராகி என்று முடிகிற பேச்சு அந்த ரோட்டில் நின்றுபோயிற்று. லாரி முதலாளிகள் திட்டினார்கள். நானும் சேர்ந்துதான் திட்டினேன். பில்லைத் தவிர வேறொன்றும் தெரியாதிருந்த அவனும், பேச்சு முடியாமல் வண்டியைத் தூக்குவதை விட்டுவிட்டான். அது என்னுடைய முறை. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதாக அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் என் லாரியே சூளகிரிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பால்காரருடைய சைக்கிளைத் தட்டிவிட்டது. ஓட்டியவன் என் டிரைவர். பால்காரருக்குக் கை முறிந்திருந்தது. ரோடெல்லாம் பால். செய்தி வந்ததும் ஓடினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் போய் நின்று, பழக்கத்தில் கையை உயர்த்தி, "எல்லாம் அமைதியா இருங்க, பேசி முடிச்சிடலாம்" என்றேன்.

பால்காரருடைய தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க செத்த ஓரமா நில்லுங்கணா. வண்டிக்காரரக் கூட்டியார ஆள் போயிருக்கு, அவரு வந்து பேசட்டும்."

சங்கிலியைக் காலடியில் போட்டுவிட்டு, என் சொந்த லாரிக்குப் பக்கத்தில், கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றேன். அரை மணி நேரமாயிற்று. என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.